ஒரு சுற்று முன்னே

கைத்தொலைபேசியில் பணம் அனுப்பும்போது பொத்தானைத் தேடித் தடுமாறும் பாட்டியை நாம் குறை சொல்கிறோம். அவரைப் போன்றவரிடம் அந்தத் திரையை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்களா என்று கேட்பதில்லை.

கொடுத்துப் பார்க்கவும் நேரம் வேண்டுமல்லவா? 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய மென்பொருள் வல்லுநர் 17 பேர், வேலையைச் சிறு பகுதிகளாக விரைந்து முடிக்கும் முறைக்கு 'அஜைல்' என்று பெயரிட்டார்கள். சில வாரங்களே ஒரு சுற்று. திரையை வடிவமைப்பவர் மக்களிடம் விசாரித்துத் திரும்புவதற்குள் நிரலாளர் நிரலை எழுதி முடித்துவிடுவார்!

கனடாவின் டொராண்டோ நகரில் ஏலியஸ் நிறுவனத்தார் ஸ்கெட்ச்புக் என்னும் ஓவிய மென்பொருளை உருவாக்கியபோது இதற்கு வழி கண்டார்கள். லின் மில்லர் 2005-இல் அதை எழுதி வெளியிட்டார். வடிவமைப்பாளர்கள் ஒரு சுற்று முன்னே நடந்தார்கள். நிரலாளர்கள் இரண்டாம் சுற்றில் இருக்கையில், இவர்கள் மூன்றாம் சுற்றுக்கு மாதிரி வரைந்து, பயன்படுத்துவோர் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். நான்காவதற்கு வேண்டியதை விசாரித்தார்கள். முதற்சுற்றில் முடிந்ததையும் சோதித்தார்கள். பளு அதிகந்தான்.

வரைந்த தாளை மட்டும் நீட்டியிருந்தால் இந்த ஏற்பாடு நிலைத்திராது என்றே நாம் எண்ணுகிறோம். எது முடியும், எது முடியாது என்று நிரலாளர்களோடு அவர்கள் தினமும் பேசினார்கள்.