ஓர் ஓவியரின் வீட்டு நூல்நிலையம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்க மண்டபத்தின் ஒரு மூலையில் நூல்நிலையமும் சிறு நூதனசாலையும் அமைக்க வேண்டுமென இளைஞர் முன்வந்திருக்கின்றனர். "இவ்வளவு சிறிய இடத்தில் எதைச் சேர்ப்பது?" என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் வாழ்ந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். பெரும் பிரபு அல்லர். 1950ஆம் ஆண்டளவில் பழைய தமிழ் நூல்களைச் சேர்க்கத் தொடங்கினார். நூல்களோடு நின்றாரா? நாடக நோட்டீசு, கலியாண அழைப்பிதழ், கடிதம், சஞ்சிகை என்று பிறர் குப்பையிற் போட்டவற்றையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது. ஆயினும் அவை கடல் கடக்கவில்லை. சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாயின. நூல்களை நுண்படமாக்கும் பணியும் அங்கே நடந்தது.

நம்மவர் ஏட்டுச்சுவடி என்றாற் கைகூப்புவர். நாடக நோட்டீசு என்றால் அடுப்பு மூட்டுவர். என் மனத்துக்கு இது சரியாகப் படவில்லை. திருவாசகம் எத்தனையோ இடங்களில் அச்சில் உண்டு. நமது கோயிற் கொடியேற்றத்துக்கு அறுபது வருடங்களுக்கு முன் அடித்த நோட்டீசு எங்கே உண்டு? அன்று நாதஸ்வரம் வாசித்தவர் யார், எந்த உபயம் எந்தக் குடும்பத்தினுடையது என்பதெல்லாம் அந்த ஒற்றைத் தாளிலேதான் இருக்கும்.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஒரு வீட்டிலேதான் முளைத்தது. க. மு. செல்லப்பா அவர்கள் 1933இல் தம் இல்லத்திலிருந்து நூல்களை இரவல் கொடுத்தார். மறு ஆண்டு வாடகை அறையில் 844 நூல்களுடன் அது திறக்கப்பட்டது. 1959இல் பெரிய கட்டடம் வந்தது. 1981 மே 31 நள்ளிரவையடுத்து அது எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் எழுந்தது. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளை எந்தக் கொத்தனாரால் எழுப்ப முடியும்?

ஆகவே இளைஞர்களே, அலுமாரி வாங்குமுன் பிரதி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கையிலிருக்கும் தொலைபேசியே படமெடுக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் யாவர்க்கும் இலவசமாகத் தருகிறது. நம்முடையவற்றின் பிரதியும் அங்கே போகட்டும்.

சரஸ்வதி பூசைக்கு ஏடுகளை வெளியே எடுத்துத் தூசி தட்டிய வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. பக்தியோடு பராமரிப்பும் அதில் அடக்கம். இப்போது சிலர் பூட்டிய பெட்டிக்கே சந்தனம் பூசுகின்றனர். உள்ளே இராமபாணப்பூச்சி தன் பூசையை நடத்துகிறது! நம் அலுமாரி வருடத்துக்கு ஒரு தடவையாவது முற்றாக ஒழிக்கப்படட்டும்.

கொத்து, எழுத்தாணி, துலாவிற் கட்டிய பட்டை யாவும் வரட்டும். ஆனால் யார் தந்தது, எந்த வீட்டில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்ற மூன்றையும் கொப்பியில் எழுதாமல் எதையும் உள்ளே வைக்க வேண்டாம். தரும் ஆச்சி, "இது என் பேத்தி பெயரிலே இருக்கட்டும்" என்றால், அப்படியே பதிந்துகொள்ளுங்கள். திறப்பு இருவரிடம் இருக்கட்டும். ஒருவர் கட்டாயம் முப்பது வயதுக்குட்பட்டவராக இருக்கவேண்டும்.