புள்ளியைத் தின்னும் கருவி



1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன்னர் அச்சான தமிழ்நூல் ஒன்றைப் புரட்டும் இன்றைய மாணவன் சில எழுத்துகளிடத்தே திகைத்து நிற்பான். ணா, றா, னா என்பன சுழித்து மடங்கியிருக்கும். ணை, லை, ளை, னை என்பன துதிக்கை போன்ற கொம்பு தாங்கியிருக்கும். ஒகர ஓகார வரிசைகளையும் சேர்த்தால் மாறியவை 13 எழுத்துகள். மாற்றம் நன்றா தீதா என்பது வேறு வழக்கு. பழம்பதிப்பை உள்ளது உள்ளவாறு மறுபதிப்பிட விழைவார்க்கு அவ்வடிவங்கள் வேண்டும் என்பதே இங்குற்ற பொருள்.

அவை இன்று பெரும்பாலும் ஒளிப்படங்களாகவே கிடைக்கின்றன. எழுத்தின் படம் எழுத்தாகிவிடாது. அதனைப் பெரிதாக்கினால் விளிம்பு படிக்கட்டாகும். திருத்தப் புகுந்தால் ஒவ்வொரு படத்துகளாகச் சுரண்ட வேண்டும்.

மேலும், 1992-இல் தரப்படுத்தப்பட்ட சேபெக் என்னும் சுருக்கமுறை, படத்தை எட்டுக்கு எட்டு எனச் சிறு கட்டங்களாகப் பகுத்து, கண்ணுக்குப் புலப்படாதெனக் கருதும் நுண்மாற்றங்களைக் கழித்துவிடுகிறது. முகத்துக்கும் வானத்துக்கும் அது பொருந்தும். வெள்ளைத் தாளில் கரிய எழுத்துக்கோ பகை. எழுத்தின் ஓரமெங்கும் கொசுமொய்த்தாற்போல் சாம்பற் கறை படரும். திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பும் மிகும்.

கோட்டுருவம் வேறு வகையது. அது துகள்களை எண்ணி வைப்பதில்லை. வளைவு எங்கே தொடங்கி எப்படித் திரும்பி எங்கே முடிகிறது என்பதையே குறித்து வைக்கிறது. உந்துவண்டியின் உடல்வளைவை வரையவே இக்கணக்கு பிறந்தது. பிரெஞ்சு நாட்டில் சித்ரோயன் நிறுவனத்துப் பால் தெ காசுதெல்சோவும் இரெனோ நிறுவனத்துப் பியர் பெசியேயும் தனித்தனியே இதனைக் கண்டனர். முனைப்புள்ளி இரண்டு, இழுபுள்ளி இரண்டு. இந்நான்கே ஒரு வளைவை ஆளும். எசு.வி.சி. எனப்படும் கோட்டுருவத் தரம் 2001-இல் நிறுவப்பெற்றது. அது எவர்க்கும் திறந்த பொது உடைமை.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப் பீட்டர் செலிங்கர் ஆக்கிய போட்ரேசு என்னும் இலவயக் கருவி உண்டு. அது படத்தைக் கருப்பு வெள்ளையாகக் கொண்டே வேலை செய்யும். ஆகவே எந்தச் சாம்பல் கருப்பு, எந்தச் சாம்பல் வெள்ளை என்று எல்லை வகுப்பது முதற்பணி. எல்லையைக் கருப்பின் பக்கம் தள்ளினால் கோடுகள் மெலிந்து அறும். வெள்ளையின் பக்கம் தள்ளினாலோ ணகரத்தின் சுழிகள் அடைபட்டுப் போகும். அதன்பின் கருவி விளிம்பைச் சுற்றிவந்து, பல்கோணமாக்கி, வளைவுகளாக இழைக்கும்.

இங்கேதான் தமிழுக்குரிய கேடு காத்திருக்கிறது. கறை நீக்கும் அளவு ஒன்று அக்கருவியில் உண்டு. இயல்பாக அது 2 படத்துகள். படம் அழுக்காயிருக்கிறதே என்று அதனைப் பத்துக்கோ இருபதுக்கோ உயர்த்தினால் அழுக்கோடு புள்ளியும் போகும்! சிறிய படத்தில் மெய்யெழுத்தின் புள்ளி அவ்வளவே பருமன் உடையது. 'கல்' என்பது 'கல' என்றாகும். கருவி முணுமுணுக்கவும் செய்யாது. ஓலையில் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று முன்னோர் விட்டெழுத, மெய்யோ உயிர்மெய்யோ என்று பின்வந்தோர் பட்ட பாடு சிறிதன்று. கிழியாத திரையிலும் அப்பாட்டை வரவழைப்பானேன்?

ஆதலின் நூலை 600 படத்துகள் ஓர் அங்குலத்துக்கு என்னும் செறிவில் வருடி, இழப்பில்லாத பிங் கோப்பாக வைப்பது நன்று. சேபெக்கே கிடைத்ததாயின், ஒரே எழுத்தின் பல அச்சுகளை அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். ஓரிடத்து மையூறல் மற்றோரிடத்து இராது. கருவி தந்த கோட்டுருவில் வேண்டாத முனைகள் குவிந்திருக்கும். அவற்றைக் களைந்து, வளைவின் உச்சியிலும் ஓரத்திலும் மட்டும் முனை நிறுத்துவது கைவேலை. ஒரு 'னை'க்கு அரைமணி ஆனாலும் ஆகட்டும்.

சில கடைகளில் ஒளிப்படத்தை அப்படியே எசு.வி.சி. உறைக்குள் இட்டு, மாற்றிவிட்டோம் என்று கூலி வாங்குவதும் உண்டு. கோப்பின் பெயர் மாறியதேயன்றி உள்ளிருப்பது பழைய துகளே. பெரிதாக்கிப் பார்த்தால் வெளுத்துவிடும்.

செப்பமான கோட்டுருவை எழுத்துரு வனையும் மென்பொருளில் ஏற்றி, ணகரமும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்து வருமிடத்து இப்பழைய வடிவம் தோன்றுக என விதித்துவிட்டால் போதும். குறியீட்டு எண் மாறாமையால் தேடுதலும் பிழைபடாது. வருடிய மூலப்படத்தை மட்டும் எறிந்துவிடலாகாது. ஒரு புள்ளி உண்டா இல்லையா என்னும் ஐயம் எழும் நாளில் பார்ப்பதற்கு அஃதொன்றே இருக்கும்.