கடைத்தெருவில் ஒளிந்திருக்கும் செவி

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவிலை நோக்கிச் செல்லும் கடற்கரைப் பெருந்தெருவிற் பயணஞ் செய்வோர், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடப்பதைக் காண்பர். ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இரண்டின் விளைவும் வந்து கூடுமிடம் கல்முனைக் கடைத்தெரு. நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாட்களில் அத்தெருவிலே கால் வைக்க இடமிராது. ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அந்தச் சில நாட்களில் பிள்ளைகளின் புத்தாடையாகவும், வீட்டுக்கு வேண்டிய சாமானாகவும் மாறுகின்றது.

அத்தகைய ஒரு நாளிலே, கடையொன்றுக்குள் ஒருவர் நுழைகின்றார் என்று கொள்க. துணியின் விலையைக் கேட்கின்றார். வேறு நிறம் உண்டா என்கின்றார். வாங்கியதை மாற்றித் தருவீர்களா என்று வினவுகின்றார். நோன்பு நோற்ற களைப்போடு நிற்கும் விற்பனைப் பெண் முதலிரண்டு கேள்விகளுக்கு முகமலர்ந்து விடை கூறுகின்றாள். மூன்றாவது கேள்விக்கு அவள் குரலிலே சிறிது சலிப்புத் தட்டுகின்றது. வந்தவர் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு போய்விடுகின்றார். அவருடைய சட்டைப் பொத்தானிலே ஒரு சிறு கமரா இருந்ததென்பதை அப்பெண் அறியாள். அந்தச் சலிப்பு, சில நாட்களின் பின் தலைநகரிலுள்ள ஓர் அலுவலகத்தின் திரையிலே ஓடுகின்றது. அங்கே அமர்ந்திருப்போர், அவளை ஒரு முறையேனும் நேரிற் கண்டிராதவர்கள், அவள் வேலையில் நீடிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கின்றார்கள்.

இது கற்பனைக் காட்சியேயெனினும், இதிலுள்ள தொழில் கற்பனையன்று. இரகசிய வாடிக்கையாளரை அனுப்பிக் கடைகளைச் சோதிக்கும் முறை மேல்நாடுகளிலே பல்லாண்டுகளாக வழங்கி வருவது. அமெரிக்காவில் ஊழியர் பணத்தைக் கையாடுகின்றனரா என்று கண்டறியும் துப்பறியும் வேலையாக இது முதலில் வளர்ந்தது. பின்னர் வங்கி, உணவுச்சாலை, எரிபொருள் நிலையம், தொலைபேசி நிறுவனம் ஆகிய பலவும் தத்தம் வாடிக்கையாளர் எவ்வாறு உபசரிக்கப்படுகின்றனர் என்பதை அளந்தறிய இதனைக் கையாண்டன. சோதனைக்குச் செல்பவர் சாதாரண மனிதர். எதை வாங்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்படும். எத்தனை நிமிடம் காத்திருந்தார், வரவேற்றவர் யார், பற்றுச்சீட்டுத் தரப்பட்டதா என்பனவற்றையெல்லாம் அவர் எழுதிக் கொடுப்பார். கூலியாக ஒரு சிறு தொகையும், வாங்கிய பொருளின் விலையும் அவருக்குக் கிடைக்கும்.

இலங்கைக்கும் இம்முறை முற்றிலும் புதிதன்று. 1950 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையிலிருந்த காலத்திலே, அதிகாரிகள் சாதாரண ஆளொருவரிடம் பணத்தைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பி, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்ற வியாபாரியைப் பிடிப்பதுண்டு. இலஞ்சத்தைத் தடுக்கும் நடவடிக்கைகளிலும், முறைப்பாடு செய்தவரோடு உறவினர்போல வேறொருவரை அனுப்பி, நடந்ததைக் காணவும் கேட்கவும் செய்வது வழக்கம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையும், குறித்த விலைக்கு மேல் விற்போர்மீது வழக்குத் தொடர்கின்றது. 2021 ஆம் ஆண்டின் திருத்தம் அதற்குரிய தண்டப்பணத்தைப் பெரிதும் உயர்த்தியது.

இத்தகைய சோதனை வேண்டியதில்லை என்று எவரும் வாதிட முடியாது. அதிகாரி அடையாள அட்டையோடு வந்து நின்றால் எந்தத் தராசும் நேராகத்தான் நிற்கும். அவர் போன பின்பு, எழுத்தறியாத ஒரு முதிய மாது ஒரு கிலோ சீனி கேட்கும்போது அது எப்படி நிற்கின்றதென்பதே கேள்வி. அம்மாதின் இடத்தில் நின்று பார்ப்பதற்கு, அம்மாதைப்போலவே போய் நிற்பதைவிட வேறு வழியில்லை. ஆகவே, வாங்குபவர் தாம் யாரென்பதைச் சிறிது நேரம் மறைத்தல், ஏழைப் பாவனையாளரைக் காக்கும் ஒரு கருவியாகும்.

ஆயினும், ஆளை மறைத்தல் ஒன்று. செவியை மறைத்தல் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலேதான் பிழை தொடங்குகின்றது.

ஒலிப்பதிவை விரும்புவோர் கூறும் நியாயங்களும் அற்பமானவையல்ல. மனித ஞாபகம் பிழைபடும். கடைக்குப் போகாமலே போனதாக எழுதிக் கூலி பெறும் சோதனையாளரும் இருக்கக்கூடும். ஊழியரும் தாம் அவ்வாறு சொல்லவில்லை என்று மறுக்கக்கூடும். பொறியோ, எவருக்கும் சார்பாகப் பேசாது. ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவேண்டும் என்பது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்திலே கூறப்படும் அரசியல் விவேகம். அந்த இரண்டாம் ஒற்றனின் இடத்தை இன்று ஒரு சிறு கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது என்று சொல்லலாம்.

ஆனால் அப்பொறிக்கு ஒரு பெருங்குறை உண்டு. எதைக் கேட்கவேண்டும், எதைக் கேட்கக்கூடாது என்பது அதற்குத் தெரியாது. மருந்துக்கடையிலே சோதனையாளர் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கும் ஒரு பெண் தன் நோயைத் தாழ்ந்த குரலிற் சொல்லி மருந்து கேட்கின்றாள், அதுவும் பதிவாகின்றது. வங்கியிலே வரிசையில் முன்னால் நிற்பவர் தம் கடன் நிலுவையைப் பற்றிப் பேசுகின்றார், அதுவும் பதிவாகின்றது. படமும் சேர்ந்துவிட்டாலோ, கடைக்கு வந்த குடும்பப் பெண்களின் முகங்கள் அறிமுகமற்றவர்களின் கைக்குப் போகின்றன. தம் படம் வெளியாருக்குப் போகக்கூடாதென்று கண்ணியத்தோடு வாழும் பெண்கள் நிறைந்த இக்கரையூர்களிலே இதனைச் சிறிய காரியமென்று எவர் சொல்வார்? அவர்கள் எவரும் சோதனைக்கு உட்பட்டவர்களல்லர், சம்மதித்தவர்களுமல்லர்.

இன்னொரு குறையும் இவ்வூர்களுக்கே உரியது. கல்முனையிலே எல்லாரும் எல்லாரையும் அறிவர். ஆகையால் சோதனையாளர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வரவேண்டியவராகின்றார். அவர் கையிலுள்ள வினாத்தாளோ வேறெங்கோ எழுதப்பட்டது. ஊழியர் இன்ன வாசகத்தைச் சொல்லி வரவேற்றாரா என்று அது கேட்கின்றது. இங்குள்ள கடைப்பெண்ணோ, வயதில் மூத்தவரைக் கண்டால் “வாங்க காக்கா” என்பாள். பெண்ணாயின் “ராத்தா” என்பாள். ஸலாம் சொன்னவருக்குப் பதில் ஸலாம் சொல்வாள். இந்த மண்ணின் மரியாதை முழுவதும் அந்த உறவுச் சொற்களில் அடங்கியிருக்கின்றது. வினாத்தாளில் அதற்கு இடமில்லையாயின், மரியாதை காட்டியவள் மரியாதை தவறியவளாகப் பதியப்படுவாள். பதிவு பொய் சொல்லவில்லை. ஆயினும் அதனைக் கேட்கும் செவி அவ்வூர்ச் செவியன்று.

இவ்விடயத்தில் முன்னோர் வகுத்த நெறி யாது? இஸ்லாமிய வரலாற்றிலே கடைத்தெருவைக் கண்காணிப்பது பெரிய கடமையாகக் கருதப்பட்டது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையிலே ஒரு தானியக் குவியலைக் கண்டு, அதனுள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது மழை நனைத்துவிட்டதென்றார் வியாபாரி. ஈரமானதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தை அவர்கள் வெளியிட்டார்கள். ஹதீஸ் நூல்களிலே இச்சம்பவம் பதியப்பட்டிருக்கின்றது. இங்கே சோதனை நடந்தது, மோசடியும் வெளிப்பட்டது. ஆனால் கை நுழைந்தது வியாபாரியின் கண்முன்னே. கேள்வி கேட்கப்பட்டதும் அவரிடமே. அவருடைய விடையும் செவிமடுக்கப்பட்டது.

இதற்கு மறுபுறமாக, பிறருடைய குற்றங்களைத் துருவித் துருவி ஒற்றறிவதை அதே திருக்குர்ஆன் 49 ஆம் அத்தியாயத்தின் 12 ஆம் வசனத்திலே தடுக்கின்றது. கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு வரலாறு வழங்குகின்றது. இரவிலே ஒரு வீட்டிற் பிழையான காரியம் நடப்பதாக ஐயுற்று, அவர்கள் சுவரேறி உள்ளே சென்றார்கள். வீட்டுக்காரரோ, தாம் செய்தது ஒரு பிழையென்றும், கலீபா செய்தவை மூன்றென்றும் கூறினார். ஒற்றறிந்தது ஒன்று, வாயில்வழி வராதது இரண்டு, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது மூன்று. உமர் (ரலி) அவர்கள் அந்நியாயத்தை ஏற்றுத் திரும்பினார்கள் என்பர். 1111 ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலியும், தீமையைத் தடுக்க முற்படுபவருக்கு, அத்தீமை ஒற்றறியாமலே வெளிப்படையாகத் தெரிவதாயிருக்க வேண்டுமென்று விதி வகுத்தார்.

கடை வீடன்று, அதன் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கின்றது. ஆதலால் கடைக்குள் நுழைந்து விலையும் நிறையும் பார்ப்பது சுவரேறுவதாகாது. ஆயினும் விற்பனைப் பெண் பேசும் பேச்சு எதிரே நிற்கும் ஒருவருக்காகவே பேசப்படுகின்றது. அதனை அவளறியாமற் பிடித்து, என்றும் அழியாத பண்டமாக்கி, வேண்டியபோது வேண்டியவருக்குக் கொடுப்பதிலே சுவரேறுதலின் சாயல் சிறிதேனும் உண்டு.

நாட்டின் சட்டமும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கின்றது. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவம் நிகழும்போதே எடுக்கப்பட்ட ஒலி, ஒளிப்பதிவுகளை நீதிமன்றங்கள் சான்றாக ஏற்க வழி செய்தது. ஆனால் அப்பதிவைக் கொண்டுவர விரும்புபவர், விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே மறுதரப்புக்கு அறிவிக்கவேண்டும். அதனைப் பரிசோதித்துப் பார்க்க மறுதரப்பு வாய்ப்புக் கோரலாம். பெருங்குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு நீதிமன்றத்திலே கிடைக்கும் இந்த வாய்ப்பு, வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகை செய்யவில்லை என்று குற்றஞ் சாட்டப்பட்ட ஒரு விற்பனைப் பெண்ணுக்கு அலுவலகத்திலே கிடைக்காதாயின், அது எவ்வகை நீதி?

2022 ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் நிறைவேற்றிய 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒரு நெறியை வகுத்துள்ளது. ஒருவரைப் பற்றிய தரவு குறித்த நோக்கத்துக்காகவே திரட்டப்படவேண்டும். அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவே திரட்டப்படவேண்டும். தேவை முடிந்தபின் வைத்திருக்கலாகாது என்பது அதன் சாரம். ஒருவரை இனங்காட்டும் குரலும் முகமும் அவரைப் பற்றிய தரவேயாகும்.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்குமிடத்து, நேர்மையான சோதனைக்கு எல்லை எது என்பது தெளிவாகின்றது. இத்தகைய சோதனை நடைபெறக்கூடும் என்று ஊழியருக்கு முன்னரே பொதுவாக அறிவித்திருத்தல் வேண்டும்; எந்த நாள், எந்த ஆள் என்பது மாத்திரம் மறைந்திருக்கலாம். பற்றுச்சீட்டே சான்றாகும் இடத்தில் ஒலிப்பதிவு எதற்கு? ஒலி போதுமான இடத்தில் ஒளி எதற்கு? பிறருடைய அந்தரங்கம் பேசப்படும் மருந்துக்கடை, வங்கி முதலிய இடங்களிலே பொறியை மூடிவைப்பதே முறை. எடுத்த பதிவைக் கொண்டு ஒருவரைக் குறை கூறுவதாயின், முதலிலே அவரை அழைத்து அதனைக் கேட்கச் செய்து, அவர் விடையையும் பதிந்துகொள்ளல் வேண்டும். வேலை முடிந்ததும் பதிவை அழித்துவிடல் வேண்டும். சுருங்கச் சொன்னால், மறைவு கடைவாசலோடு முடிந்துவிடவேண்டும். அதற்கப்பால் அனைத்தும் வெளிச்சத்தில் நடக்கவேண்டும்.

கடை முதலாளிமாருக்கும் இதில் ஒரு பாடமுண்டு. விலைப்பட்டியலை எல்லாரும் காணத் தொங்கவிட்டு, தராசின் முகத்தை வாங்குபவர் பக்கம் திருப்பி, கேளாமலே பற்றுச்சீட்டுக் கொடுக்கும் கடைக்கு எந்த மறைசெவியும் அச்சந் தராது. நோன்புக் காலத்தில் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்குச் சிறிது அமர இடங்கொடுக்கும் முதலாளி, அவள் குரலிலே ஏன் சலிப்பு வந்ததென்று கமரா வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியவராகார். பாவனையாளருக்கும் கடமையுண்டு. ஏமாற்றப்பட்டவர் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, 1977 என்ற தொலைபேசி இலக்கத்தின்மூலம் அதிகார சபைக்கு வெளிப்படையாக முறையிடலாம்.

தானியக் குவியலுக்குள்ளே விட்ட கை ஈரத்தோடு வெளியே வந்தபோது, அதனை முதலிற் கண்டவர் அத்தானியத்துக்கு உரியவரே. அவருக்குத் தம் பிழையை அறியவும், விடை கூறவும், திருந்தவும் அந்த நொடியிலேயே வழி பிறந்தது. இன்றைய சோதனையாளரின் கையில் இருப்பது எத்துணை நுட்பமான கருவியாயினும், சோதிக்கப்பட்டவரின் கண்முன்னே அது ஒருநாள் திறந்து காட்டப்படுமாயின், கடைத்தெருவிலே நாணயமும் வளரும். மனிதர்க்கு மனிதர் கொண்ட நம்பிக்கையும் குலையாது நிற்கும்.