பெயர் தெரியாத பிள்ளைக்கு ஒரு வெள்ளி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

வாசலில் ஒரு டின் வைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். ராணுவ வீரர் ஒருவரின் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். அதற்காக நிதி திரட்டுகிறது நம் பெற்றோர் ஆசிரியர் சங்கம். டின்னில் பிள்ளையின் படமும் இல்லை, பெயரும் இல்லை. "யாருன்னு தெரியாம எப்படிங்க காசு போடுறது?" என்று ஓர் ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்கு ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. 1948ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் 12 வயதுப் பையன் ஒருவன் புற்றுநோயோடு படுத்திருந்தான். உருளைக்கிழங்கு விவசாயி வீட்டுப் பிள்ளை. வானொலிக்காரர்கள் அவன் படுக்கையருகே ஒலிவாங்கியை வைத்துப் பேசினார்கள். அவனுக்குப் பிடித்த பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அறைக்குள்ளேயே வந்து நின்றார்கள். "20,000 டாலர் சேர்ந்தால் இவனுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி" என்று அறிவித்தார்கள். முடிவில் சேர்ந்ததோ 2 லட்சம் டாலருக்கும் மேல்! அந்த நிதி இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் அவனுடைய உண்மைப் பெயரை யாரும் சொல்லவில்லை. "ஜிம்மி" என்றுதான் அழைத்தார்கள். அவன் செத்துப்போயிருப்பான் என்றே பலர் நினைத்தார்கள். 50 வருஷம் கழித்து, 1998இல்தான் ஐனார் கஸ்டாப்சன் என்ற லாரி ஓட்டுநர்தான் அந்த ஜிம்மி என்று உலகத்துக்குத் தெரிந்தது. பேரப்பிள்ளைகளைக் கண்ட மனிதர்!

நம் பிள்ளையும் நாளைக்குப் பெரியவனாகி வேலைக்குப் போக வேண்டும். அப்போதும் "டின்னில் படம் வந்த பிள்ளைதானே" என்று ஊர் சொல்லக் கூடாது. அதனால்தான் பெயர் போடவில்லை.

இன்னொரு கேள்வியும் காதில் விழுந்தது. "ராணுவக் குடும்பம்தானே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?" மருந்தையும் படுக்கையையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், சரி. மற்றதை யார் பார்ப்பது? இந்த வைத்தியம் ஒரு மாதத்தில் முடிகிற காரியமல்ல. இரண்டு, மூன்று வருஷம் ஓடும். அப்பா சபாவிலோ சரவாக்கிலோ எல்லைக் காவலில் இருப்பார். அம்மா வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு உட்கார வேண்டும். அந்தச் சம்பளம் போச்சு. மருந்து ஏறிய உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி குறைவு, கூட்டமான பஸ்ஸில் ஏற்ற முடியாது, டாக்சிதான். ராணுவக் குடும்பத்துக்கு அடிக்கடி ஊர் மாற்றம் வேறு. வீட்டிலுள்ள தம்பி தங்கைக்குச் சோறு போட மாமியோ சித்தியோ பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதைக் கேளுங்கள். வசதியான நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் 30 பேர்கூட இல்லை. பாதியில் வைத்தியத்தை நிறுத்திவிடுவதும் அதற்கு ஒரு காரணம். நிறுத்துகிற தாய்க்குப் பிள்ளைமேல் ஆசை இல்லையா? கையில் காசில்லை, அவ்வளவுதான்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பல வருஷம் போராடி, நிதி திரட்டி, 1954இல் வெறும் 12 படுக்கையோடு தொடங்கியது அது. நம் தஞ்சோங் புங்காவில் மவுண்ட் மிரியம் மருத்துவமனை இருக்கிறதே, அதுவும் லாபம் பார்க்காமல் நடப்பதுதான்.

ஆகவே என் யோசனை இது. இன்றைக்கு 50 வெள்ளி போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மாதம் ஒரு வெள்ளி, 30 மாதம் கொடுங்கள். 200 குடும்பம் சேர்ந்தால் மாதம் 200 வெள்ளி. அந்தத் தாயின் டாக்சிச் செலவுக்காவது ஆகும். கணக்கை மாதாமாதம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். பொருளாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது!

செயலாளருக்கும் ஒரு வேண்டுகோள். எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அடுத்த வருஷம் பேச வருபவருக்கு அது வேண்டாம், அந்தக் காசை டின்னில் போடுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசலில் இரண்டு ஆசிரியைகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பரிசு வாங்கிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும்போது அங்கே ஒரு நிமிஷம் நின்று போங்கள்.