இரத்தக் கொதிப்பு: மாத்திரையை நிறுத்தலாமா?

(தோட்ட மண்டபமொன்றில் தொழிலாளர் குடும்பத்தினரிடையே ஆற்றிய உரை)



விடியுமுன் வெட்டுக்காட்டுக்கு ஏன் செல்கிறீர்கள் என்று கேட்டால், வெயில் ஏறிய பின் மரம் பால் தராது என்பீர்கள். உண்மையே. இரவெல்லாம் நீரை உறிஞ்சிய மரத்தின் பால் குழாய்களில் விடியற்காலையில்தான் அழுத்தம் மிகுந்திருக்கும். உளி பட்டதும் பால் வழிவது அவ்வழுத்தத்தினாலேயே. நம் உடலிலும் இதயம் அழுத்தித் தள்ளுவதனால்தான் இரத்தம் கால் விரல் வரை ஓடுகிறது. அந்த அழுத்தம் அளவு மீறி நிலைத்துவிட்டால் இரத்தக் குழாய்களும் இதயமும் மூளையும் சிறுநீரகமும் சிறுகச் சிறுகக் கெடுகின்றன.

இதனை நாம் 'இரத்தக் கொதிப்பு' என்றும், மலாய்க்காரர் சொல்வது போல 'டாரா திங்கி' என்றும் வழங்குகிறோம். கொதிப்பு என்னும் சொல் நம்மைச் சற்றே ஏமாற்றிவிடுகிறது. தலை சுட வேண்டும், கண் சிவக்க வேண்டும், அப்போதுதான் நோய் என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலோர்க்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. அளந்து பார்த்தாலன்றி அறிய வழியில்லை. இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம் மேல் எண். தளரும்போதுள்ளது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அதற்கு மேலும் இருந்தால் நோய் உண்டென்று கொள்வர். 2019-இல் சுகாதார அமைச்சு நாடெங்கும் நடத்திய ஆய்வில், பெரியவர்கள் பத்துப் பேரில் மூவருக்கு இது இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை அறியாமலேயே இருந்தனர்.

நாங்கள் அறிந்த தொழிலாளி ஒருவர். வயது ஐம்பதைத் தாண்டியவர். மூன்று மாதம் மாத்திரை உண்டார். எண் இறங்கியது. "குணமாகிவிட்டது, இனி எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். ஓராண்டு ஒரு தொல்லையுமில்லை. பின்னர் ஒருநாள் காலை, நிரையில் நின்றிருந்தபோதே வலக்கையிலிருந்து உளி நழுவியது, வாய் கோணியது, பேச்சுக் குழறியது. உயிர் பிழைத்தார். ஆனால் அந்தக் கை இன்றுவரை உளி பிடிக்கவில்லை. மனைவியின் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது. எண் இறங்கியது மாத்திரையால். மாத்திரை நின்றதும் அது மீண்டும் ஏறிவிட்டது. இதனை அன்றே அவருக்கு விளங்கச் சொல்லாதது எங்களைப் போன்றோரின் குறை என்றே கருதுகிறோம். இத்தகைய அறிகுறி எவரிடமேனும் கண்டால், எண்ணெய் தேய்ப்பதிலும் மந்திரிப்பதிலும் நேரம் போக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

மாத்திரையை விடுவோர் எல்லாரும் அலட்சியக்காரர் அல்லர். ஒருவகை மாத்திரை சிறுநீரை மிகுவிக்கும். வெட்டுக்காட்டில் ஒதுங்க மறைவிடமில்லாத பெண்கள் வேலை நாட்களில் அதனை உண்பதில்லை. வெட்கத்தால் மருத்துவரிடமும் சொல்வதில்லை. சொன்னால் உண்ணும் நேரத்தை மாற்றியோ வேறு மருந்து தந்தோ உதவுவார். வேறு சில மருந்துகளால் வறட்டு இருமலோ கணுக்கால் வீக்கமோ வரலாம். அவற்றுக்கும் மாற்று உண்டு. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அடுத்த வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்கி உண்ணாதீர்கள். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரைகளுள் சில அழுத்தத்தை ஏற்றும் என்பதையும் மறவாதீர்கள்.

"வேர்வையில் உப்புப் போகிறதே, ஈடுசெய்ய வேண்டாமா?" என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆயின் நம் அன்றாட உணவிலேயே வேண்டியதற்கு மேல் உப்பு உள்ளது. நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டியதில்லை. 2017–18-இல் மலேசியரிடையே எடுத்த கணக்கில் சராசரி 7.9 கிராமாக இருந்தது. ஊறுகாய், கிச்சாப், மீ பொட்டலத்துத் தூள் ஆகியவற்றில் அது ஒளிந்திருக்கிறது. கருவாட்டை அறவே விடுங்கள் என்று சொல்லப்போவதில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். நன்கு ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியே உப்பிடாமல் சமையுங்கள். வேர்வைக்குத் தண்ணீர் அருந்துங்கள். புகையும் சம்சுவும் வேண்டவே வேண்டாம்.

உரை முடிந்ததும் தாதியர் அந்த மேசையில் அழுத்தம் அளப்பார்கள். இப்போதுதான் தேநீர் அருந்தியவரும் புகைத்தவரும் அரைமணி நேரம் கழித்து வாருங்கள். அளக்குமுன் ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருங்கள். எண்ணைத் தாளில் எழுதித் தருவார்கள்; வீட்டு நாள்காட்டியின் அருகே ஒட்டி வையுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டவர் எவரேனும் இங்கிருந்தால், அவர்கள் முதலில் வரட்டும். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.