60 சதவீதம்னா எதுல 60?

ஜெர்மனிக்குப் படிக்க, வேலைக்குப் போன நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது: "பல் கட்ட இன்ஷூரன்ஸ் 60 சதவீதம் தரும்னாங்க. என் பில்லுல கால்வாசிகூட வரலையே?"

யாரும் பொய் சொல்லலை. அது உங்க பில்லுல 60 இல்லை, அவ்வளவுதான். அங்கே பொதுக் காப்பீட்டில் ஒவ்வொரு பல் பிரச்சினைக்கும் 'வழக்கமான சிகிச்சை'ன்னு ஒண்ணு உண்டு, அதுக்கு ஒரு விலையும் உண்டு. அந்த விலையில்தான் 60. ஒரு பல் போயிடுச்சுன்னா வழக்கமான சிகிச்சை பெரும்பாலும் பிரிட்ஜ். நீங்க இம்ப்ளான்ட் வச்சுக்கிட்டாலும் பிரிட்ஜுக்கான அதே தொகைதான் வரும். மீதி உங்க பாக்கெட்டிலிருந்து.

அந்த மீதிக்கு விலை போடுறது வேற பட்டியல். பேரு ஜிஓஇசட், 1988-ல் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை பாயின்ட். ஒரு பாயின்ட் 5.62421 சென்ட். பழைய 11 பெனிக்கை யூரோவுக்கு மாத்தினதுதான் இந்த விசித்திரமான எண். 1988-க்கு அப்புறம் ஏத்தவே இல்லைங்க! டாக்டர் வாடகை மட்டும் அப்படியே நிக்குமா? அதனால பெருக்கல் எண்ணைக் கூட்டுறாங்க. சாதாரணமா 2.3 மடங்கு வரை. 3.5 வரை போனா காரணம் எழுதணும். அதுக்கும் மேலன்னா, சிகிச்சைக்கு முன்னாடியே உங்க கையெழுத்து வேணும். அவசரத்தில் போட்டுடாதீங்க.

பல் கிளீனிங்கையே எடுத்துக்கங்க. ஒரு பல்லுக்கு 28 பாயின்ட், அதாவது 1.57 யூரோ. 28 பல், 2.3 மடங்குன்னா சுமார் 101 யூரோ. 3.5 மடங்குன்னா 154. அதே வாய்தான்.

இதுக்காகவே தனியா கூடுதல் பாலிசி விக்கிறாங்க. '100 சதவீதம்'னு பெருசா போட்டிருந்தாலும், எத்தனை மடங்கு வரைன்னு உள்ளே தேடுங்க. 2.3 வரைன்னு இருந்தா, 3.5 பில்லோட வித்தியாசம் உங்க தலையில்தான்.

பல் கட்டறதுக்கு முன்னாடி டாக்டர் செலவுத் திட்டம் போட்டுத் தருவார். காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்த்து எவ்வளவு தரும்னு சொன்ன பிறகு நாற்காலியில் உக்காருங்க.

அப்புறம் அந்த போனஸ் புத்தகம். வருஷம் ஒரு தடவை செக்கப் போய் பதிவு வாங்கிட்டே வந்தா, 5 வருஷத்தில் 60 என்பது 70 ஆகும், 10 வருஷத்தில் 75. அதுவும் அந்த பிரிட்ஜ் விலையில்தான்!