அன்றைக்கு நம்ம விலை என்ன?

(குன்னூரில் தோட்டத் தொழிலாளர் குடும்பத்து மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



"அந்தக் காலத்துல ஊட்டி எப்படி இருந்துச்சு தெரியுமா" என்று ஒரு பேச்சு எப்போதும் ஓடிக்கிட்டே இருக்கு. எல்லாம் மலிவு, எல்லாம் சுத்தம், ரயிலில் வந்தால் சொர்க்கம், காபி இத்தனை காசு, சினிமா இத்தனை காசு என்று கட்டுரைகள் வருது. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதில் ஒரு வரி மட்டும் எப்பவும் இருக்காது. அந்தக் காபியை வாங்கிக் குடிக்க ஒரு கொழுந்து எடுக்கிற பொம்பளை எத்தனை நேரம் மலையில் நிக்கணும் என்கிற வரி.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். விலையைத் தனியாகச் சொல்வது மேல்சாதிக் கணக்கு. கூலியோடு சேர்த்துச் சொல்வதுதான் நம்ம கணக்கு. மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு எல்லாம் மலிவாக இருந்த அதே நாள், லயத்தில் இருக்கிறவளுக்குப் பற்றாக்குறை நாள். இரண்டும் ஒரே நாள்தான், ஒரே ஊர்தான். ஆனால் ஒன்று மட்டும் 'பொது நினைவு' ஆகிவிட்டது. இன்னொன்று யார் வீட்டுச் சுவரிலும் மாட்டப்படவில்லை.

ஒரு நாளை எடுத்துக்குவோம். 1964 அக்டோபர் 30, வெள்ளிக்கிழமை.

அன்றைக்குத் தீபாவளிக்கு இன்னும் நாலு நாள். நவம்பர் 3-ஆம் தேதி தீபாவளி. தமிழ்நாடு முழுக்க ஒரே பேச்சு, எந்தப் படம் ஜெயிக்கும் என்பதுதான். சிவாஜிக்கு ஒரே நாளில் இரண்டு படம், நவராத்திரியும் முரடன் முத்துவும். நவராத்திரி அவருக்கு நூறாவது படம், ஒன்பது வேஷம். எம்.ஜி.ஆருக்குப் படகோட்டி. வாலி பாட்டு, விசுவநாதன் ராமமூர்த்தி இசை. அந்தப் பாட்டையெல்லாம் நம்ம ஆட்கள் பெரும்பாலும் கொட்டகையில் கேட்டதைவிட ரேடியோவில் கேட்டதுதான் அதிகம். அதுவும் இலங்கை வானொலியில். கடலுக்கு அந்தப் பக்கம் நுவரெலியா லயத்தில் இருந்தவர்களும், இந்தப் பக்கம் நீலகிரி லைனில் இருந்தவர்களும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் கேட்டார்கள். அதுகூடச் சொந்த ரேடியோவில் இல்லை. ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேணும், வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டணும். டீக்கடை வாசல்தான் நமக்கு ரேடியோ.

காசுகூட அந்த வருஷம்தான் பெயர் மாறியது. 1957-இல் அணா கணக்குப் போய் நயா பைசா வந்தது. 1964 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து 'நயா' என்பதை எடுத்துவிட்டு வெறும் பைசா ஆக்கினார்கள். சர்க்கார் பெயரை மாற்றிவிட்டது. நம்ம பாட்டிகள் அதற்குப் பிறகும் ரொம்ப காலம் அணாவில்தான் கணக்குப் பார்த்தார்கள். கூலி ஏறாதபோது காசுக்கு என்ன பெயர் வைத்தால் என்ன?

சரி, அந்த வெள்ளிக்கிழமை டெல்லியில் என்ன நடந்தது? இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் நிறுத்தப்பட்டவர்கள் 9,75,000 பேர் என்று ஒரு கணக்கு. 1948-இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கப்பட்ட சனம் அது. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கலாம். பதினைந்து வருஷத்தில் முடிக்கணும். ஏழு பேர் கப்பல் ஏறினால் நாலு பேருக்குக் குடியுரிமை என்கிற விகிதம். பிறகு பேசிக்கலாம் என்று வைத்திருந்த ஒன்றரை லட்சத்தை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.

தோழர்களே, இந்தக் குன்னூரில் 1963-இல் தேயிலை ஏல மையம் ஆரம்பமானது. ஏலத்தில் தூளைப் பார்ப்பான், மோந்து பார்ப்பான், ஊற்றிக் குடித்துப் பார்ப்பான், அப்புறம்தான் விலை சொல்லுவான். ஒரு மூட்டைத் தூளுக்குக் கிடைத்த அந்த மரியாதைகூட அதைப் பறித்த சனத்துக்குக் கிடைக்கவில்லை. 'உனக்கு எங்கே இருக்க விருப்பம்' என்று ஒருத்தரையும் கேட்காமல் டெல்லியில் ஒரு மேசையில் எண்ணிக்கையைப் பிரித்தார்கள். தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தார், கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஒரு குடும்பம் சேமநிதி, பணிக்கொடை எல்லாம் சேர்த்துக் கொண்டுபோகலாம், அதற்கு வைக்கிற உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே போகாது என்றார்கள். மூணு தலைமுறை காடு வெட்டி, காபி நட்டு, தேயிலை நட்டு, பிள்ளைகளைத் தேயிலைச் செடிக்கு அடியில் புதைத்த சனத்தின் சொத்துக்கு எழுதப்பட்ட எண் அது.

எம்.ஜி.ஆர். எங்கே பிறந்தவர்? இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில். படகோட்டியாக அவர் திரையில் வந்தபோது கை தட்டாத தோட்டத் தமிழன் கிடையாது. அவரை யாரும் 'சிலோன்காரர்' என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அதே மலைப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்த கூலிக்காரப் பெண்ணை மட்டும் இன்றைக்கு வரைக்கும் 'சிலோன்காரி' என்கிறார்களே, ஏன்? பிறந்த இடமா காரணம்? இல்லை, செய்கிற வேலையும் பிறந்த சாதியும்தான் காரணம்.

'தாயகம் திரும்பியோர்' என்று அரசாங்கம் பெயர் வைத்தது. தாய்நாட்டுப் பாசத்தால் ஓடி வந்த மாதிரி ஒரு தோற்றம். உண்மையில் இவர்களைத் துரத்தியதில் அரிசிக்கும் பெரிய பங்கு உண்டு. இலங்கையில் கூப்பன் அரிசி இருந்தது. 1953-இல் அதன் விலையை ஒரு படி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். நாடே ஹர்த்தாலில் இறங்கியது, பிரதமர் பதவி விலகினார். 1966 கடைசியில் அளவைப் பாதியாக வெட்டினார்கள். 1973, 74-இல் மாவும் அரிசியும் கிடைக்காமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. தோட்டம் அரசுடைமை ஆனபோது லயத்தை விட்டே விரட்டப்பட்டவர்கள் உண்டு. 1977, 1983 கலவரங்கள் வேறு. அதுவரை 'போகலாமா வேண்டாமா' என்று யோசித்தவர்கள் தலைமன்னாரில் போய் நின்றார்கள். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, மேட்டுப்பாளையம் வழியாக இந்த மலை ஏறினார்கள்.

ஏன் சொந்த ஊருக்குப் போகவில்லை? திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்துச் சேரிகளிலிருந்து பஞ்சத்தில் கிளம்பிய சனம். பெரும்பகுதி பறையர், பள்ளர், அருந்ததியர். விட்டுப் போன நிலம் என்று ஒன்று இருந்தால்தானே திரும்பிப் போக? ஊருக்குப் போனால் சேரி, மலைக்கு வந்தால் லயம். தெரிந்த வேலை தேயிலை வேலை. இவர்களுக்காகத்தான் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தது. பின்னால் அதுவே டேன்டீ கழகம் ஆனது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று புதுத் தோட்டங்கள் நட்டவர்கள் இவர்கள்தான்.

இங்கே வந்ததும் அரிசிப் பிரச்சினை தீர்ந்ததா? 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்றார்கள். ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி போடவும் செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எங்கே? சென்னையிலும் கோவையிலும். கோவையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை இது. இந்த மலைக்கு அந்த ஒரு படி ஏறவில்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் நெல் விளையாது, அரிசி லாரியில்தான் ஏறணும், லாரி வாடகையும் விலையில்தான் ஏறும். இதெல்லாம் எந்த 'மலிவான காலம்' கட்டுரையிலும் வராது.

கூலியைப் பார்ப்போம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேணும். நிறுவையில் ஈரத்துக்கு என்று ஒரு கழிவு, கூடைக்கு என்று ஒரு கழிவு. சொன்ன எடை வராவிட்டால் சிலோனில் அரைப்பேர்தான் விழும். முழுநாள் மலையில் நின்றவளுக்கு அரை நாள் கூலி. அதிலும் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு ஆணைவிடக் கூலி குறைவு. அது ஏதோ ஒரு கங்காணி செய்த அநியாயம் இல்லை, எழுதி வைத்த கூலி விகிதமே அப்படி. சமவேலைக்குச் சமகூலிச் சட்டம் இந்தியாவில் 1976-இல்தான் வந்தது. இலங்கைத் தோட்டங்களில் 1984-இல். ஆக, 1964-இல் ஒரு பொருளுக்கு இரண்டு விலை. ஆண் வாங்கினால் ஒரு விலை, பெண் வாங்கினால் அதைவிடக் கூடுதல் விலை. கடைக்காரன் ஒரே காசுதான் கேட்டான். ஆனால் அவள் அந்தக் காசுக்கு அதிக நேரம் நின்றாள். கூலியோடு சேர்த்து விலையைப் பார் என்று சொல்வது இதற்குத்தான்.

விலைவாசி ஏறினால் எல்லாரும் பேசலாம், பத்திரிகை எழுதும், கட்சிகள் ஊர்வலம் போகும். அது 'பொதுப் பிரச்சினை'. கூலியை ஏற்று என்று சேரி கேட்டால் அது 'சாதிக் கலவரம்' ஆகிவிடும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதில் வளர்ந்த பகை, 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியது. 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் கோரிக்கைக்காக ஊர்வலம் போனவர்களை போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 உயிர் போனது. அரைப்படி நெல்லுக்கும் தேயிலைக் கூலிக்கும் இந்த நாட்டில் கொடுத்த விலை அது. இதையும் விலைப்பட்டியலில் சேர்த்துத்தான் எழுதணும்.

இப்போ ஏன் இதைப் பேசணும்? பழங்கதை பேசி அழுவதற்கு இல்லை. 2022-இல் டேன்டீ நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்டது. ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி பண்ணணும் என்று பிரச்சினை வந்தது. காடு காடாக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் காட்டைத் தோட்டமாக்க ஒப்பந்தம் போட்டுக் கூட்டி வந்த சனத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் மண் எங்கே என்று கேட்கிறோம். வீடு கேட்டாலும், சாதிச் சான்றிதழ் கேட்டாலும், தாலுகா ஆபீசில் திரும்பிக் கேட்பது ஒன்றுதான். 'பழைய ஆதாரம் இருக்கா?' 1950-இல் அட்டவணைச் சாதிகளின் பட்டியல் போட்டபோது உன் தாத்தா எந்த ஊரில் இருந்தார் என்று கேட்டால், சிலோன் லயத்தில் இருந்தார் என்று சொல்ல வேண்டியிருக்கு. தீண்டாமை மட்டும் ஆதாரம் கேட்காமல் கூடவே கப்பலேறி வந்தது. சலுகைக்குத்தான் ஆதாரம் வேணும்.

அதனால் மாணவத் தோழர்கள் ஒரு வேலை செய்யணும். வீட்டில் தகரப்பெட்டி இருக்கும். அதற்குள் குடும்ப அட்டை, கண்டியில் வாங்கின பாஸ்போர்ட், மண்டபம் முகாம் சீட்டு, பழைய சம்பளச் சீட்டு, துண்டு துண்டாய் ஏதாவது இருக்கும். கரையான் தின்பதற்கு முன்னால் நகல் எடுங்க. எழுத்து இல்லாத வீட்டில் பாட்டியைக் கேட்டு எழுதுங்க. 'அப்போ அரிசி என்ன விலை' என்று மட்டும் கேட்காதீங்க. 'அன்னைக்கு எத்தனை கிலோ எடுத்தே? எவ்வளவு கழிச்சாங்க? கையில எவ்வளவு குடுத்தாங்க? அதுல எத்தனை நாள் அரிசி வந்துச்சு? எந்தப் படம் பார்த்தே, யாரோட போனே, எங்க உட்காரவச்சாங்க?' என்று கேளுங்க. ஒவ்வொரு லயத்திலும் ஒரு நாளை எழுதினாலே போதும். ஊட்டி வரலாறு என்று இதுவரை விற்றுக்கொண்டிருக்கிற புத்தகத்துக்கு எதிர்ப்பக்கம் தயாராகிவிடும்.

டெல்லியில் நம்மை எண்ணிப் பிரித்தவர்களின் கையெழுத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கு. எண்ணப்பட்டவர்கள் கைநாட்டு வைத்த சீட்டு நம்ம தகரப்பெட்டியில்தான் இருக்கு. அதை வெளியே எடுங்க.

ஜெய்பீம்.